நின்ற இடத்து ஓட்டம்

வசந்தினியின் கார் குளிரில் ஒழுங்காக ஓடும். சூடேறிய பிறகுதான் அதன் குணம் வெளியே வரும். எங்காவது நிறுத்தி, கியரை எடுத்துவிட்டுக் காலையும் எடுத்தால், எஞ்சின் தன் பாட்டில் உறுமி ஏறும். ஏறிய வேகத்திலேயே இறங்கும். அணைந்துவிடப் போகிறது என்று நினைக்கும்போது மறுபடி ஏறும். சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றால் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இந்த அம்மா யாரோடு ஓட்டப் போட்டிக்கு நிற்கிறா என்று.

றெஜி அதில் கைவைக்கத் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. குருநகரில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை முனையில் தகரம் போட்ட கராச் அவனுடையது. எஞ்சின் ஓசையைக் கேட்டே குற்றம் சொல்லுவான் என்று ஊரில் பெயர். வேறு யாருடைய காரையும் இவ்வளவு காலம் இழுத்திருந்தால் அவனுக்கே வெட்கமாக இருந்திருக்கும். இது வசந்தினியின் கார். அவனுக்கு அவளில் விருப்பம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பல வருட விருப்பம், ஒருவரிடமும் சொல்லாத விருப்பம், நாற்பதைத் தொடப்போகும் ஒரு மனிதனுக்கு வெட்கம் தருகிற விருப்பம்.

கார் சரி வந்தால் இணுவில் தில்லைநாதன் அதை வாங்கிக்கொள்வார். கார் கைமாறினால் வசந்தினி இங்கிலாந்துக்குப் போய்விடுவாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை கிடைத்திருந்தது. கொழும்புத்துறை வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்தாயிற்று. தளபாடங்களைச் சொந்தக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது கார் மட்டும்தான். பழுது இருக்கிற சாமானை இன்னொருவர் தலையில் கட்ட மாட்டேன் என்று நின்றாள். தகப்பன் எட்வேர்ட் மாஸ்டர் வளர்த்த வளர்ப்பு அது. மனிதர் மெதடிஸ்த கோயிலில் காணிக்கைப் பணத்தை இரண்டு தரம் எண்ணி, மூன்றாம் தரம் மற்றவரைக்கொண்டும் எண்ணுவிப்பார். அந்தக் காருக்காக வசந்தினி ஒருமுறை பயணத்தைத் தள்ளியும் போட்டாள்.

ஆக, றெஜிக்கு முன்னால் கிடந்த வேலை இதுதான். அவளை அனுப்பிவைக்கப் போகிற திருத்தத்தைத் தன் கையாலேயே செய்வது. அதற்கு முன்னால் வாயைத் திறக்கலாம். திறப்பதாயிருந்தால்.

அவனுடைய தமையன் லெனாட், கடல் தொழில் செய்கிறவர், மத்தியானங்களில் கராச்சுக்கு வந்து பழைய ரயரின்மேல் குந்திக்கொண்டு தேநீர் குடிப்பார். அவருக்கு எல்லாம் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்ததல்ல.

"காருக்காக ஆரும் பிளேன் ரிக்கற்றை மாத்துவினமோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"அவையள் அப்பிடித்தான் அண்ணை. நேர்மையான ஆக்கள்."

"நேர்மை எண்டால் விலையைக் குறைச்சுக் குடுத்திட்டுப் போகலாமே. மடையா."

றெஜி அந்தக் கேள்வியை அன்றிரவு படுக்கைக்குக் கொண்டுபோனான், அடுத்த இரவும் கொண்டுபோனான்.

அவனுடைய விருப்பத்துக்கு ஒரு நாள் உண்டு. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடத்தில் ஒரு நாள். வசந்தினியின் தாய் பியாட்றிஸுக்குப் புற்றுநோய். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றப் போய்வந்துகொண்டிருந்தார். மாஸ்டர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பெற்றோல் நிலையத்து வரிசைகள் ஊர் எல்லை தாண்டி நின்றன. ஓட்டோக்களும் அந்த வரிசைகளில்தான் கிடந்தன. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற நிலையில் பியாட்றிஸ் இல்லை. வசந்தினி கராச் வாசலில் வந்து நின்று, அழாமல், நாளைக்குக் கட்டாயம் மருந்து ஏற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

லெனாட் படகுக்கென்று ஒளித்துவைத்திருந்த மண்ணெண்ணெய் ஒரு கான் இருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு மண்ணெண்ணெயில் கார் ஓட்டுவது புதிதல்ல. சண்டைக் காலத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்த வருடங்களில் பழைய இங்கிலாந்துக் கார்கள் எல்லாம் அப்படித்தான் ஓடின. எஞ்சின் தொடங்க மட்டும் சொட்டுப் பெற்றோல் காட்டுவார்கள். ஆனால் வசந்தினியின் கார் தொண்ணூறுகளின் ஜப்பான் கார். எரிபொருளை அளந்து ஊற்றுவதற்கு அதற்குள் ஒரு கம்பியூட்டர் இருக்கிறது. அதற்கு மண்ணெண்ணெய் என்றால் என்னவென்று தெரியாது. றெஜி யோசித்தான். காரின் தாங்கியில் மிஞ்சியிருந்த பெற்றோலை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதற்குள் மண்ணெண்ணெயை ஊற்றினான். எஞ்சினுக்குள் காற்றுப் போகும் அலுமினியக் குழாயின் பின்புறத்தில் ஓர் ஓட்டை துளைத்து, சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடிக்கிற வால்கட்டை ஒன்றை அதில் இறுக்கினான். வால்கட்டையில் சேலைன் குழாயைப் பொருத்தினான். குழாய் பொனற் இடுக்கால் வெளியே வந்து, ஜன்னலால் உள்ளே போய், பெற்றோல் நிரப்பிய சேலைன் போத்தலில் முடிந்தது. போத்தலும் குழாயும் வசந்தினி கொண்டுவந்தவை. இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் றெஜியே அவனை அடிப்பான். காருக்குள் திறந்த பெற்றோல்.

அவன் ஓட்டினான். வசந்தினி பக்கத்தில் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தாள். குழாயில் சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு சில்லு இருக்கும். அதில் அவளுடைய பெருவிரல். ஓடும்போது கார் மண்ணெண்ணெயில் ஓடிவிடும். வேகம் குறைந்து நிற்கும் இடங்களில்தான் அணையப் பார்க்கும். அந்த நேரம் அவள் சில்லைத் திறந்து பெற்றோலைச் சொட்டவிட வேண்டும். ஒவ்வொரு சந்தியிலும், ஒவ்வொரு மாட்டுக்கும், ஒவ்வொரு பள்ளத்துக்கும். முதலில் அவன், "விடுங்கோ மிஸி… பிடியுங்கோ மிஸி" என்று சொல்லிக்கொண்டு போனான். நேர்ஸ்மாரை ஊரில் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். திருநெல்வேலி தாண்டியபோது சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் அவனுடைய காலைப் பார்த்துக்கொண்டே விரலை அசைத்தாள். கால் பிரேக்குக்குப் போகுமுன் பெற்றோல் வந்துவிடும்.

பின் சீற்றில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்த பியாட்றிஸ் ஒருமுறை கேட்டார்: "தம்பி, இந்தச் சேலைன் எனக்கோ, காருக்கோ?"

"ரெண்டு பேருக்கும்தான் அம்மா."

"அப்ப காருக்கு முதல் ஏத்துங்கோ. அது செத்தால் நானும் செத்தன்."

பெரிய வீதியில் வரிசைகள் அடைத்துக்கொண்டு நின்றபடியால் கொக்குவிலுக்குப் போகும் குறுக்கு வீதியால் திரும்பினார்கள். ரயில் கடவை பூட்டியிருந்தது. வழி முழுக்க அதுதான் நீண்ட தரிப்பு. போத்தலில் அடி மட்டும் பெற்றோல் கிடந்தது. வசந்தினி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டாக விட்டாள். எஞ்சின் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு துடிப்பு ஓடியது. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அவன் குனிந்தபோது அவளுடைய தலைமயிர் கன்னத்தில் பட்டது. அவள் விலகவில்லை. விலகினால் போத்தல் ஆடும் என்பதாகவும் இருக்கலாம். ரயில் வந்தது, போனது. கடவை திறந்தது. கார் அணையவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. பிறகு பெற்றோல் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள். றெஜி வால்கட்டையின் தலையை வெட்டி, உள்ளே ரப்பரைத் திணித்து, மேலே இரும்புப் பசை அப்பி அடைத்தான். பியாட்றிஸ் சில காலம் இருந்து, போன வருடம் போய்ச் சேர்ந்தார். வசந்தினி வேலைக்குப் போனாள், வந்தாள். எண்ணெய் மாற்ற வருவாள், பிரேக் பார்க்க வருவாள். அவன் மிஸி என்பான். அவள் எட்வேர்ட் மாஸ்டரின் மகள், வீட்டில் பியானோ இருந்த பிள்ளை. இவன் குருநகர்க் கடற்காரனின் மகன், இரண்டு தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்து முடித்தவன், நகக்கண்ணில் கிறீஸ் போகாதவன். இருவரும் வேதக்காரர்தான். ஆனால் அவளுடைய மெதடிஸ்த கோயிலுக்கும் இவனுடைய கத்தோலிக்கக் கோயிலுக்கும் நடுவே ஓடுகிற வீதியைக் கடக்க நடைப் பலம் மட்டும் போதாது. இரண்டு வீட்டுச் சனமும் அதை வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

இப்போது இந்த ஐட்லிங் குற்றம், நின்ற இடத்து ஓட்டத்தில்.

ஒழுங்காகத்தான் தொடங்கினான். காற்று வாயைக் கழற்றிக் கரி சுரண்டினான். நின்று ஓடும்போது காற்றை அளந்து விடுகிற சிறு வால்வைக் கழுவினான். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் பழைய கதை. எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சரை மாற்றினான். அதற்கும் மசியவில்லை. இந்தக் காலத்து ஸ்கானர் இவ்வளவு பழைய காரோடு பேசாது. பொனற்றுக்குக் கீழே இரண்டு துளைகளைக் கம்பியால் தொடுத்தால், எஞ்சின் விளக்கு மினுங்கி மினுங்கி ஓர் எண்ணைச் சொல்லும். புகைக் குழாயில் இருக்கிற ஒட்சிசன் சென்சரின் எண்ணைச் சொன்னது. மண்ணெண்ணெய் குடித்த கார், சென்சர் கெட்டிருக்கத்தான் வேண்டும் என்று தீர்மானித்து, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையிலிருந்து வேறொன்று எடுப்பித்தான். அது வந்து சேரும்வரை சில நாட்கள் அவள் கராச்சுக்கு வந்து விசாரித்தாள். அந்த நாட்கள் அவனுக்குப் பிடித்திருந்தன. சென்சர் வந்தது, மாட்டினான். விளக்கு திரும்பவும் அதே எண்ணை மினுங்கியது.

சென்சர் பொய் சொல்லவில்லை. காற்றுக் கூடிவிட்டது, எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்றுதான் அது சொல்லிக்கொண்டிருந்தது. றெஜி செய்தி கொண்டுவந்தவனை மாற்றிவிட்டு, செய்தியும் மாறும் என்று பார்த்திருந்தான். தொழில் பழகத் தொடங்கிய முதல் வருடத்தில் விடுகிற பிழை.

காற்று ஒழுகும் இடம் தேட ஒரு வழி உண்டு. ஓடுகிற எஞ்சினில் சந்தேகமான இடங்களில் கிளீனரை விசிற வேண்டும். ஒழுகும் இடத்தில் பட்டால் ஓட்டம் மாறும். அவன் எல்லாக் குழாய்க்கும் விசிறினான், எல்லாப் பொருத்துக்கும் விசிறினான். பின்புறத்து ஓட்டைக்கு மட்டும் விசிறவில்லை. கை போகும், கண் போகாத இடம் அது. தான் அடைத்தது ஒழுகாது என்ற திமிர் பாதி. மீதியை அவன் யோசிக்க விரும்பவில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் கை தானாக அடுத்த பொருத்துக்குத் தாண்டியது.

கராச்சுக்கு வரும்போதே கார் சூடாகிவிடுவதால், காலையில் குளிரில் எப்படித் தொடங்குகிறது, எப்போது ஆடத் தொடங்குகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் வைத்துத் தொடக்கி, சூடேறும்வரை சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பச் சொன்னான். இதை வேலைக்கு வேண்டித்தான் கேட்டான். அவள் காலைதோறும் அனுப்பினாள். பொனற்றைத் திறந்துவைத்து, போனை பற்றரியின் மேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள் போல. எஞ்சின் ஓடும். அதற்குப் பின்னால் காகம் கத்தும். விளக்குமாறு முற்றத்தைக் கீறும். மீன்காரன் சைக்கிள் ஹோர்ன் அடிப்பான், அவள், "இண்டைக்கு வேண்டாம், இனி நான் சமைக்கிறதில்லை" என்பாள். முடிவில் போனை எடுத்து, கிட்டத்தில், "கேக்குதோ றெஜி?" என்பாள்.

அவன் ஒவ்வொன்றையும் எஞ்சினுக்காக ஒருமுறை கேட்டான். பிறகு எஞ்சினைத் தள்ளிவிட்டுக் கேட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கரையில் இழுத்துவிட்டிருந்த லெனாட்டின் படகு விளிம்பில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பதிவில் அவள் ஏதோ தோத்திரப் பாட்டை வாய்க்குள் முணுமுணுப்பாள். உடுப்பு உலரப் போடும்போதாக இருக்கும். அதற்காகத்தான் அதை அவன் திரும்பத் திரும்பக் கேட்பது. போனைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடி, அந்த முணுமுணுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு போனான். முணுமுணுப்பு நின்றது. நின்ற பிறகும் அதன் அடியில் மெல்லிய ஒன்று நிற்காமல் இருந்தது. ஒரு சீறல். தொடக்கத்தில் இல்லாத சீறல். எஞ்சின் சூடேறிய பிறகு வந்து சேர்ந்தது.

சைக்கிள் வால்கட்டையில் ரப்பர் போனால் அப்படித்தான் சீறும். எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சத்தம்.

குளிரில் எஞ்சின் கூடுதல் காற்றோடுதான் ஓடும், அதனால் ஒழுக்கு வெளியே தெரியாது. சூடேறியதும் காற்றைக் குறைக்கப் பார்க்கும். ஓட்டையால் வருகிற காற்றை அதனால் குறைக்க முடியாது. ஏறும், கம்பியூட்டர் எரிபொருளை வெட்டும், இறங்கும், மறுபடி ஏறும். எல்லாம் பொருந்தியது. அவன் துளைத்த ஓட்டை, அவன் அடைத்த அடைப்பு.

திங்கட்கிழமை அவளுக்குச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் அனுப்பிய பதிவுக்கு, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினான். புதன்கிழமை மத்தியானம் லெனாட் தேநீரோடு வந்து அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன விசயம் என்று கேட்டார். சொன்னான்.

"அப்ப அடை," என்றார் லெனாட்.

"அடைச்சால் போயிடுவா."

"அடைக்காட்டிலும் போவா. உன்னட்டை ஒரு பழுதான கார் மிஞ்சும். உந்தக் காரை வைச்சு என்ன, வாழைக்குலை ஏத்தப் போறியோ?"

வியாழக்கிழமை வசந்தினி காரைக் கொண்டுவந்தாள். வழமையாக விட்டுவிட்டுப் போகிறவள் அன்று போகவில்லை. பழைய ரயரின்மேல் கடதாசி விரித்து உட்கார்ந்தாள். றெஜி கண்ணாடியைக் கம்பியில் கட்டிப் பின்புறத்துக்குள் விட்டு, அவளுக்கும் காட்டினான். இரும்புப் பசை மயிரிழையளவு வெடித்திருந்தது. உள்ளே திணித்த ரப்பர், மண்ணெண்ணெயும் பெற்றோலும் குடித்துக் குடித்து இறுகிக் கிடந்தது.

அவள் பார்த்துவிட்டு, ஆச்சரியப்படாமல், "ஓம்" என்றாள்.

"தெரியுமோ மிஸி?"

"அதிலைதான் எண்டு நினைச்சனான்."

"எப்ப?"

"முதல் நாள்."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் எல்லாத்தையும் கழட்டினியள், அதை மட்டும் தொடேல்லை," என்றாள். "பிறகு நானும் தொடேல்லை."

றெஜி கண்ணாடியை வெளியே எடுத்துத் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வால்கட்டையைப் பிடுங்கி எறிந்து, ஓட்டைக்குப் புரி வெட்டி, செப்பு வளையம் வைத்து போல்ற் ஒன்றை முறுக்கினான். இனி அந்த இடத்தால் ஊசியும் போகாது. எஞ்சினைத் தொடக்கினான். ஓடியது, இறங்கியது, அணைந்தது. மறுபடி தொடக்கினான். மறுபடியும் அணைந்தது. வசந்தினி எழுந்து வந்து, இன்னும் ஏதாவது பழுதா என்று கேட்டாள். இல்லை என்றான். இவ்வளவு காலமும் கம்பியூட்டர் அந்த ஓட்டைக்கு ஏற்றபடி தன் கணக்கை மாற்றி வைத்திருந்தது. இப்போது ஓட்டை இல்லை, கணக்கு மட்டும் இருக்கிறது. பற்றரியைக் கழற்றிவைத்து அதை மறக்கப் பண்ண வேண்டும். பிறகு ஒன்றையும் தொடாமல், நின்ற இடத்தில் ஓடவிட்டு, புதிதாகப் பழக்க வேண்டும்.

அப்படியே செய்தான். எஞ்சின் முதலில் தடுமாறியது. இருவரும் முன் சீற்றுகளில் இருந்தார்கள், அவன் ஓட்டும் பக்கம், அவள் மற்றப் பக்கம், பழைய இடங்கள். விசிறி போடக்கூடாது, லைற் போடக்கூடாது, காலால் மிதிக்கக்கூடாது. செய்வதற்கு ஒன்றும் இல்லாத வேலை. எஞ்சின் வேகம் காட்டும் முள் மெல்ல மெல்ல இறங்கி ஒரு இடத்தில் நின்றது, ஆணி அடித்ததுபோல. அவனுக்குச் சொல்ல நல்ல நேரம் அது. சரி வந்துவிட்டது என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை தில்லைநாதனிடம் காரைக் கொண்டுபோனார்கள். குற்றம் என்ன, எப்படித் திருத்தினோம் என்று வாங்குகிறவருக்கு மெக்கானிக்கே சொல்ல வேண்டும் என்று வசந்தினி அவனையும் வரச் சொல்லியிருந்தாள். ஓட்டியதும் அவன்தான். பெரிய வீதியால் போயிருக்கலாம், இப்போது அங்கே எந்த வரிசையும் இல்லை. அவன் திருநெல்வேலியால் திரும்பி, கொக்குவில் குறுக்கு வீதியைப் பிடித்தான்.

கடவை பூட்டியிருந்தது. கார் நின்றது. எஞ்சின் ஓடுகிறதா என்பதே தெரியவில்லை. றெஜி பக்கத்தில் பார்த்தான். அவளுடைய வலக்கை மடியிலிருந்து எழுந்து, போத்தல் இருக்க வேண்டிய உயரத்துக்கு வந்து, பெருவிரல் மடங்கி நின்றது. அவளும் அப்போதுதான் அதைக் கண்டாள். கையை இறக்கிக்கொண்டாள்.

"வசந்தினி," என்றான்.

இதுவரை அவன் அந்தப் பெயரை அவளுக்கு முன்னால் சொன்னதில்லை. அவள் கடவைக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகாமல் நிக்கேலாதோ?"

"என்னத்துக்கு?"

"எனக்காக."

ரயில் வந்தது. அது கடந்து முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"உதைச் சொல்ல ஒரு கார் பழுதாக வேண்டிக் கிடந்ததோ?" என்றாள்.

"பழுதாக்கினதும் நான்தானே."

அவள் சிரித்தாள். உண்மையான சிரிப்பு, அவனுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு வந்தனீங்கள். பந்தல் போட்டனீங்கள், லைற் கட்டினனீங்கள், எல்லாரும் போன பிறகு கதிரையளை அடுக்கினனீங்கள். ஒரு சொல்லு வருமெண்டு குசினி வாசல்லை நிண்டனான். லைற்றை அவிட்டுக்கொண்டு, போயிட்டு வாறன் மிஸி எண்டிட்டுப் போனியள். அடுத்த கிழமைதான் நான் வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஸ் சோதினைக்குப் படிக்கத் தொடங்கினது."

அவனுக்கு, அன்று அந்த லைற் வயர்களை எவ்வளவு கவனமாகச் சுருட்டினான் என்பது ஞாபகம் வந்தது.

"ரிக்கற்றை ஒருக்கா மாத்தினன். அதுக்கும் நீங்கள் சென்சர்தான் மாத்தினியள். இப்ப வேலைக்குக் கையெழுத்து வைச்சிட்டன், றெஜி. இனிப் போறன்."

"திரும்பி வருவியளோ?"

"தெரியாது. வருவன் எண்டு சொன்னால் நீங்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு இருப்பியள். உங்கடை குணம் அது."

கம்பம் உயர்ந்திருந்தது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். அவன் கியரைப் போட்டான்.

தில்லைநாதன் காரைச் சுற்றி வந்தார், கதவுகளைத் திறந்து சாத்தினார். எஞ்சின் ஓடும்போது அதன் தலையில் தன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, குனிந்து, தேத்தண்ணி ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடவில்லை. மகள் அனுஜா தனியக் கம்பஸுக்கு ஓட்டப் போகிறவள், வழியில் எங்கும் அணைந்து நின்றுவிடக் கூடாது என்றார். அணையாது என்றான் றெஜி. ஓட்டையின் கதையையும் சொன்னான், சேலைன் போத்தலோடு சேர்த்து. தில்லைநாதன் தொடையில் தட்டிச் சிரித்தார். போத்தலை யார் பிடித்தது என்று கேட்டார். வசந்தினி, தான்தான் என்றாள்.

திரும்பும்போது பஸ். அவளுக்குச் சீற் கிடைத்தது, அவன் நின்றான். பெரியாஸ்பத்திரியடியில் அவள் இறங்கினாள். செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போனாள். அவன் வழியனுப்பப் போகவில்லை. லெனாட்தான் போய், பொரித்த கணவாய்க் கருவாடு ஒரு பொதி கொடுத்துவிட்டு வந்தார்.

இங்கிலாந்திலிருந்து செய்தி வரும். குளிர், இருட்டு, வேலை கடுமை, வார்ட்டில் ஒரு கிழவர் தன்னை வேறு பெயரில் கூப்பிடுகிறார், அப்படி. எழுதித்தான் அனுப்புவாள். குரல் அனுப்புவதில்லை. அவனும் எழுதுவான். கராச்சுக்கு வந்த கார்களைப் பற்றி எழுதுவான், வேறு என்ன எழுதுவது.

மழை தொடங்கிய ஒருநாள் கொக்குவில் கடவையில் மோட்டார் சைக்கிளோடு நின்றபோது முன்னால் அந்தக் கார் நிற்பதைக் கண்டான். அனுஜா ஓட்டிக்கொண்டிருந்தாள், தனியாக, கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு. றெஜி தன் எஞ்சினை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உருட்டிக்கொண்டுபோய்க் காது கொடுத்தான். ஒரு சத்தமும் இல்லை. பின்குழாயில் தெரிந்த மெல்லிய ஆவியைக் கண்டுதான் ஓடுகிறது என்று அறிந்தான். அவன் வாழ்நாளில் செய்த வேலைகளில் அதுதான் சுத்தமான வேலை. கம்பம் உயர்ந்ததும் கார் போய்விட்டது.

காலைப் பதிவுகளை அவன் அழிக்கவில்லை. போன் நிரம்பிவிட்டது என்று காட்டியபோது தங்கச்சியின் கலியாண வீட்டுப் படங்களை அழித்தான். கராச்சைப் பூட்டிவிட்டுச் சில மாலைகளில் ஒன்றைப் போடுவான். குளிர்ந்த எஞ்சின் ஒழுங்காக ஓடும். காகம் கத்தும். விளக்குமாறு கீறும். பிறகு சூடேறி, சீறல் வந்து, எஞ்சின் ஏறி இறங்கத் தொடங்கும். அவனுக்கு இப்போது அந்தச் சீறல்தான் முதலில் கேட்கிறது, எவ்வளவு தள்ளினாலும் போகிறதில்லை. அதற்குள்ளால் அவள் நடந்துவருகிற சத்தத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு, போன் கையில் எடுபடும் அந்த உரசலுக்காகக் காத்திருப்பான்.

"கேக்குதோ றெஜி?"

அதோடு பதிவு முடிந்துவிடும்.